சமூக இணக்கமும் மாணவர் வடிவமைப்பும்

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா ஆண்டில், மாணவர் வடிவமைப்புக் குழுவின் தொடக்க நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம் கழகம் கால் நூற்றாண்டை நிறைவு செய்து வெள்ளி விழாக் காண்கிறது. இருபத்தைந்து ஆண்டுகட்கு முன்னர் நம் முன் நின்ற வினா, நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பைக் கடப்பார்களா என்பது. இன்று அவர்களின் தம்பியரும் தங்கையரும், “எங்கள் ஊரில் சமூக இணக்கம் வளர ஒரு வடிவமைப்புச் செயல்திட்டம் மேற்கொள்கிறோம், வழி கூறுங்கள்” என்று கேட்கின்றனர். கேட்கப்படும் வினா உயர்ந்திருக்கிறது. ஒரு கழகத்தின் வளர்ச்சியை அளக்க இதனினும் நல்ல அளவுகோல் வேண்டுவதில்லை.

வடிவமைப்பு என்றவுடன் பொறியியல் கல்லூரியும் கணிப்பொறியுமே சிலர் நினைவுக்கு வருகின்றன. அஃது அவ்வளவு தொலைவிலுள்ள பொருளன்று. ஒரு தேவையைக் கூர்ந்து நோக்குவது, அதனை உடையவரிடமே கேட்டறிவது, சிறியதொரு மாதிரியைச் செய்து பார்ப்பது, குறை கண்டு திருத்துவது ஆகிய நான்குமே வடிவமைப்பு. தமிழக அரசுப் பள்ளிகளில் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம் என்ற பெயரில், தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனமும் பள்ளிக் கல்வித் துறையும் யூனிசெஃப் அமைப்பும் இணைந்து இம்முறையையே மாணவர்க்குப் பயிற்றி வருகின்றன. அங்குப் பெரும்பாலும் கருவிகள் செய்யப்படுகின்றன. நம் குழுவோ மனிதர்க்கு இடையிலுள்ள தொலைவைக் குறைக்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்ய முற்பட்டுள்ளது. இது கருவி செய்வதினும் கடினமான வேலை. ஆதலின் சில அடிப்படைகளை முதற்கண் தெளிவு செய்துகொள்ளுதல் நலம்.

இணக்கம் என்பது யாது?

இச்சொல்லை நாம் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். ஊரில் ஒரு பூசல் எழுகிறது. கோட்டாட்சியர் முன்னிலையில் அமைதிக் குழு கூடுகிறது. இரு தரப்பாரும் கையொப்பம் இடுகின்றனர். மறுநாள் செய்தித்தாளில் “சுமுகத் தீர்வு” என்று வருகிறது. ஆனால் அத்தீர்வில் விட்டுக்கொடுத்தவர் யார்? திருவிழா எந்தத் தெருவோடு நின்றது? எவருடைய பிணம் வயல் வரப்பில் சுமந்து செல்லப்பட்டது? இவ்வினாக்களுக்கு விடை தேடினால், பல இடங்களில் ஒருவரது வாயடைப்புக்கே இணக்கம் என்று பெயரிட்டிருப்பது புலனாகும். சத்தம் இல்லாமை வேறு, இணக்கம் வேறு. சுடுகாட்டிலும் சத்தம் இல்லை.

அண்ணல் அம்பேத்கர் 1949ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகிய மூன்றையும் ஒன்றைவிட்டு ஒன்றைப் பிரிக்கவியலாத ஒரே தொகுதியாக வைத்தார். சகோதரத்துவம் இன்றேல் ஏனைய இரண்டும் மேற்பூச்சளவில் நின்றுவிடும் என்பது அவர் கருத்து. இதன் மறுபக்கத்தையும் நாம் காணவேண்டும். சமத்துவத்தை ஒதுக்கிவிட்டுச் சகோதரத்துவம் பேசினால், அது பண்ணையார் வீட்டுப் பரிவாக முடியும். எனவே நம் குழுவின் முதல் விதி இது: எவரும் தாழ்ந்து நிற்குமாறு செய்யும் இணக்கத்தை நாம் வடிவமைக்கமாட்டோம்.

பிரிவினையும் ஒரு வடிவமைப்பே

மாணவர்களே, உங்கள் முதற்பணியாக நம் சுற்றுவட்டாரத்தின் படம் ஒன்றை வரையுங்கள். ஊர் எங்கே, காலனி எங்கே, குடிநீர்த் தொட்டி எங்கே, நியாயவிலைக் கடை எந்தத் தெருவில், பேருந்து எவ்விடத்தில் நிற்கிறது, இடுகாட்டுக்கு வழி எது என்று குறியுங்கள். குறித்து முடித்ததும் அப்படத்தைத் தள்ளி வைத்துப் பாருங்கள். அது தானாக அமைந்த படமாகத் தோன்றாது. ஒவ்வொரு கோட்டிலும் ஒருவருடைய முடிவு தெரியும். ஏரிக்கு மேட்டுப் பக்கம் ஒரு பகுதியும், மழைக்காலத்தில் நீர் வந்து நிற்கும் பள்ளத்தில் ஒரு பகுதியும் அமைந்தது தற்செயல் என்று எவர் கூறுவார்?

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் நிகழ்ந்த கலவரத்தை அடுத்து ஒரு நெடுஞ்சுவர் எழுப்பப்பட்டது. ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பிலிருந்து பொதுச் சாலைக்குச் செல்லும் வழியை அச்சுவர் மறித்து நின்றது. பல ஆண்டுகள் கடந்து, போராட்டத்தின் பயனாக 2008 மே 6ஆம் நாள் அதன் ஒரு பகுதி அரசு அதிகாரிகள் முன்னிலையில் இடிக்கப்பட்டது. அச்சுவர் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு திட்டமிட்டுக் கட்டிய வடிவமைப்பு. தேநீர்க் கடையின் இரட்டைக் குவளை அதனினும் சிறிய வடிவமைப்பு. ஒரு பலகை, இரண்டு ஆணி, இரண்டு வகைக் குவளை, அவ்வளவே செலவு. அச்சிறு ஏற்பாடு ஒவ்வொரு நாளும் ஓராயிரம் சொற்பொழிவுகளின் வேலையைச் செய்தது.

பெயரும் அவ்வாறே. “காலனி” என்ற சொல்லை நம் முகவரியில் எழுதியவுடன் நம் பிறப்பையும் எழுதியதாகிவிடுகிறது. 2025 ஏப்ரல் 29ஆம் நாள் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில், குடியிருப்பைக் குறிக்கும் அச்சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று அறிவித்தார். நன்று. பலகையில் பெயர் மாறுவதும் ஒரு மாற்றமே. பலகைக்குப் பின்னுள்ள வாய்க்காலும் வழியும் மாறும்வரை நம் பணி ஓயாது.

இதனால் நாம் பெறும் நம்பிக்கை ஒன்றுண்டு. மனிதர் கை செய்த ஏற்பாட்டை மனிதர் கை மாற்றலாம். விதி என்றிருந்தால் அழுதுவிட்டுப் போகலாம்; ஏற்பாடு என்று அறிந்தபின் அழுவதற்கு நேரமில்லை.

நல்லுள்ளம் மட்டும் போதுமா?

நாம் வாழும் இப்பகுதி இராமானுசர் பிறந்த மண். வைணவக் குருபரம்பரைக் கதைகளுள் ஒன்று நம் செயல்திட்டத்துக்கு மிகவும் பொருந்தும். பூவிருந்தவல்லியைச் சார்ந்த திருக்கச்சி நம்பிகள் பிராமணர் அல்லாதவர், பெரும் பக்தர். அவரைத் தம் ஆசானாகக் கொள்ள விழைந்த இராமானுசர், தம் இல்லத்தில் அமுதுண்ண அழைத்தார். இராமானுசர் வெளியே சென்றிருந்த வேளையில் நம்பிகள் வந்து உண்டு சென்றார். இராமானுசர் திரும்பி வந்தபோது, இலை எறியப்பட்டு, இடம் கழுவப்பட்டு, மனைவியார் நீராடி மீண்டும் சமைத்துக்கொண்டிருந்தார். இராமானுசர் மனம் நொந்தார் என்று கதை கூறுகிறது.

இக்கதையைப் பலர் பக்திக்காகச் சொல்வர். நாம் பாடத்துக்காகச் சொல்கிறோம். அழைத்தவர் உள்ளம் விரிந்திருந்தது; அவர் வீட்டு அடுக்களையின் ஏற்பாடு விரியவில்லை. இராமானுசர் ஒடுக்கப்பட்டோரைத் “திருக்குலத்தார்” என்று சிறப்பித்து அழைத்தார் என்றும் மரபு கூறும். ஆயினும் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்குச் சட்டம் 1947இல்தான் இயற்ற முடிந்தது. இடையில் கழிந்தவை ஏறக்குறைய எட்டு நூற்றாண்டுகள். ஒரு பெரியாரின் நல்லுள்ளம் ஊரின் வழக்கமாக மாற வேண்டுமாயின், அதற்கென ஓர் ஏற்பாடும், அதனைக் காக்கும் விதியும், அதனை நாள்தோறும் நடத்தும் ஆட்களும் வேண்டும்.

சட்டம் மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது. நம் செங்கற்பட்டுப் பகுதி ஈன்றெடுத்த தலைவர் இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னை சட்டமன்றத்தில், பொதுச் சாலைகளிலும் கிணறு குளங்களிலும் ஒடுக்கப்பட்டோர்க்கு உரிமை உண்டு என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. பம்பாய் மாகாணத்தில் இத்தகைய தீர்மானம் 1923இலேயே நிறைவேறியிருந்தது. மகாத் நகராட்சி 1924இல் தன் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானமும் இயற்றியது. காகிதத்தில் குளம் திறந்தது, கரையில் திறக்கவில்லை. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்து சென்று அந்நீரை அள்ளிப் பருகினார். பின்னர் மறுத்தவர்கள் குளத்துக்குச் “சுத்திச் சடங்கு” செய்தனர். அந்த இலையை எறிந்து இடத்தைக் கழுவிய அதே பழக்கம், குளத்தளவு பெரிதாகி வந்தது.

பழங்கதை என்று எவரும் தள்ளிவிட வேண்டா. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் ஒடுக்கப்பட்டோர்க்கான குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டிருந்தது 2022 டிசம்பரில் வெளிப்பட்டது. ஒரு சமுதாயத்தின் உள்ளத்தை அறிய வேண்டுமாயின் அதன் நீரைப் பாருங்கள். நீர் இருக்கும் இடத்தில் நீதி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த அளவுகோலைக் குழுவினர் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது பயன்படும்.

தொழிற்சாலை கொண்டுவந்த மாற்றம்

நம் சாலைகளைப் பாருங்கள். வண்டலூர் – வாலாசாபாத் சாலையும், திருப்பெரும்புதூர் – சிங்கப்பெருமாள் கோயில் சாலையும் வெட்டிக்கொள்ளும் ஒரகடம் கூட்டுச் சாலையில் விடியுமுன்னரே தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையிட்டு நிற்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. திருப்பெரும்புதூரில் நோக்கியா 2006இல் கைப்பேசி செய்யத் தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010இல் ரெனோ – நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. வானம் பார்த்த பூமியாகக் கிடந்த இடமெல்லாம் இன்று இரவும் பகலும் விளக்கெரிகிறது.

இதனால் நமக்கு விளைந்த நன்மையை மறைத்தல் நன்றியன்று. இயந்திரம் தன்னை இயக்குபவரின் தெருவைக் கேட்பதில்லை. சீருடை அணிந்து வரிசையில் நின்றால், முன்னும் பின்னும் நிற்பவர் எந்தச் சாதியார் என்று காண முடிவதில்லை. உணவுக் கூடத்தில் ஒரே பாத்திரத்துச் சாம்பாரை அனைவரும் உண்கின்றனர். ஊர்த் தேநீர்க் கடையில் நூறாண்டு நடவாதது, தொழிற்சாலை உணவுக் கூடத்தில் முதல் நாளே நடந்துவிட்டது. ஏன்? அங்குத் தட்டும் இருக்கையும் வரிசையும் வேறு முறையில் அமைக்கப்பட்டிருந்தன. எவரும் எவர்க்கும் அறிவுரை கூறவில்லை.

ஆனால் அதே பேருந்து மாலையில் திரும்பும்போது என்ன நிகழ்கிறது? ஊர் நிறுத்தத்தில் சிலர் இறங்குகின்றனர். காலனி முனையில் சிலர் இறங்குகின்றனர். எட்டு மணி நேரம் தோளோடு தோள் நின்றவர்கள், ஒருவர் வீட்டுத் திருமணத்துக்கு மற்றவர் செல்வதில்லை. சென்றாலும் பந்தியில் அமராது மொய் எழுதிவிட்டுத் திரும்புவோர் உளர். மேலும், தொழிற்சாலைகளில் நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்னும் புதுப் பிரிவும் தோன்றியுள்ளது. ஒரே வேலைக்கு இருவேறு கூலி என்பது பழைய நோயின் புதிய பெயர்.

தொழிற்சாலை தரும் உறவு தொழிற்சாலையோடு போய்விடவும் கூடும். நோக்கியாவின் திருப்பெரும்புதூர் ஆலை 2014 நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தியை நிறுத்தியது. அங்கு ஒன்றாய் உழைத்தவர்கள் திசைக்கொருவராகப் பிரிந்தனர். ஆதலின் இணக்கத்தின் வேர் ஆலை வளாகத்துக்குள் மட்டும் இருத்தல் போதாது. அது நம் தெருவில் இறங்க வேண்டும்.

இங்கு மற்றொரு செய்தியையும் கூறவேண்டும். 2021 டிசம்பரில், விடுதி உணவு நஞ்சானதால் உடன் தங்கியோர் நோயுற்றதைக் கண்டு, கைப்பேசித் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். பல மாவட்டங்களிலிருந்தும் பல சமூகங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள் அவர்கள். அவர்களை ஒன்று சேர்த்தது எது? ஒரே துன்பம், அதற்கு ஒரே தீர்வு வேண்டும் என்ற உணர்வு. பின்னர் வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் 706 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில், 18,720 பேர் தங்கக்கூடிய குடியிருப்பை அரசு கட்டி 2024 ஆகஸ்டில் திறந்தது. பதின்மூன்று கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் 240 அறைகள், அறைக்கு அறுவர். அவ்வறுவர் யார் யார் என்பதைச் சாதி முடிவு செய்யாதிருக்குமாயின், அஃது எத்துணை பெரிய பள்ளிக்கூடம் என்று எண்ணிப் பாருங்கள்!

முன்னோர் செய்த முயற்சிகள்

நமக்கு முன்னரே இத்துறையில் முயன்றோர் உளர். கலைஞர் மு. கருணாநிதி அரசு 1997இல் அறிவித்த சமத்துவபுரத் திட்டம் அவற்றுள் தலையாயது. முதலாவது சமத்துவபுரம் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் 1998 ஆகஸ்ட் 17ஆம் நாள் திறக்கப்பட்டது. நூறு வீடுகள், அவற்றுள் ஒடுக்கப்பட்டோர்க்கு நாற்பது, பிற்படுத்தப்பட்டோர்க்கு இருபத்தைந்து, மிகவும் பிற்படுத்தப்பட்டோர்க்கு இருபத்தைந்து, ஏனையோர்க்குப் பத்து. மாநிலமெங்கும் இருநூற்றுக்கு மேற்பட்ட சமத்துவபுரங்கள் எழுந்தன. பொதுவான இடுகாடு என்ற ஓர் ஏற்பாடு போதும், அத்திட்டத்தை வகுத்தோர் நோயின் மூலத்தை அறிந்திருந்தனர் என்பதற்கு.

சிங்கப்பூர் அரசும் 1989 முதல் அரசுக் குடியிருப்புகளில் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய இனத்தார் கலந்து வாழுமாறு ஒவ்வொரு கட்டடத்துக்கும் விழுக்காட்டு வரம்பு விதித்தது. நம் தமிழ் மக்கள் அங்கு அவ்வேற்பாட்டுக்குள்ளேயே வாழ்கின்றனர். இவ்விரண்டிலிருந்தும் நாம் கொள்ளவேண்டிய பாடம் ஒன்றே: அருகமைவு முதற்படி. அடுத்தடுத்த வீடு முகத்தைப் பழக்கும். முகம் பழகியபின் அகம் பழக வேறு ஏற்பாடுகள் வேண்டும். சேர்ந்து செய்யும் வேலை வேண்டும்.

பள்ளிகளின் நிலையையும் பார்ப்போம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒடுக்கப்பட்ட சமூகத்து மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் உடன் பயிலும் மாணவர்களால் வெட்டப்பட்டனர். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் கயிறும் பொட்டும் பள்ளியில் ஆகாது. மாணவரை அகரவரிசையில் அமர்த்துக. பள்ளிப் பெயர்களில் சாதி வேண்டா என்றெல்லாம் அக்குழு பரிந்துரைத்தது. அகரவரிசையில் அமர்த்துவது எவ்வளவு எளியது! ஆசிரியர்க்கு ஒரு துண்டுக் காகிதச் செலவு. ஆயினும் யார் எங்கே அமர்வது என்பதை ஊர் வழக்கத்தின் கையிலிருந்து பிடுங்கி, எழுத்தின் கையில் கொடுக்கும் ஏற்பாடு அது. நம் குழு தேடவேண்டியதும் இத்தகைய எளிய, கூர்மையான ஏற்பாட்டையே.

குழுவின் முன்னுள்ள மூன்று யோசனைகள்

குழுவினர் மூன்று யோசனைகளை எழுதித் தந்துள்ளனர். அவற்றைப் பற்றி நம் கருத்தை ஒளிவின்றிக் கூறுகிறோம்.

முதலாவது, ஒற்றுமை குறித்த ஓவியப் போட்டியும் பேரணியும். இதனால் தீங்கில்லை, பயனும் பெரிதில்லை. கைகோத்து நிற்கும் நான்கு பொம்மைகளை வரைந்தவர் எவரும், அதனால் மறுநாள் வேறு வழியில் வீடு திரும்பியதில்லை.

இரண்டாவது, சமபந்தி விருந்து. சுதந்திர நாளன்று கோயில்களில் அரசு ஏற்பாட்டில் நடைபெறும் பொது விருந்தை நாம் அறிவோம். அதனைக் குறைத்துரைக்கவில்லை. ஆனால் ஆண்டில் ஒரு நாள் உடன் உண்ணல் ஒரு சடங்காகிவிடுகிறது. எஞ்சிய நாட்களைப் பற்றி அது பேசுவதில்லை.

மூன்றாவது யோசனையே நம் உள்ளத்தைக் கவர்ந்தது. நம் கழகப் படிப்பகத்தில் மாலை நேரத்தில், அரசுத் தேர்வுகளுக்கும் தொழிற்பயிற்சி நிலையச் சேர்க்கைக்கும் தொழிற்சாலைப் பழகுநர் பணிக்கும் விண்ணப்பிக்க வழிகாட்டும் உதவி மேசை ஒன்றை அமைப்பது. அதனை ஊர் மாணவர், நம் மாணவர், வெளிமாநிலத் தொழிலாளர் அனைவர்க்கும் திறந்து வைப்பது. இதில் பெரியோர் சிலர் ஒரு திருத்தம் கூறினர்: “நம் தெருவுக்கு ஊரார் வரமாட்டார்கள், ஆதலின் ஊராட்சி அலுவலகத்தில் வைத்துக்கொள்வோம்” என்றனர். அவர்கள் அனுபவத்தால் பேசுகின்றனர், அதனை மதிக்கிறோம். ஆயினும் இத்திருத்தத்தை ஏற்கவேண்டா என்பதே நம் வேண்டுகோள். காரணத்தைக் கூறுவோம்.

இதுகாறும் இணக்கம் என்ற பெயரில் நடந்தவை அனைத்தையும் எண்ணிப் பாருங்கள். கோயிலுக்குள் நாம் போனோம். குளத்தில் நாம் இறங்கினோம். தேநீர்க் கடைக்குள் நாம் நுழைந்தோம். பள்ளிக்கு நாம் நடந்தோம். அவை உரிமைப் போர்கள். போகாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் போக்குவரத்து என்னும் சொல்லில் போக்கும் உண்டு, வரத்தும் உண்டு. நம் வரலாற்றில் போக்கு மட்டுமே இருந்தது, வரத்து இல்லை. நம் தெருவுக்கு ஊரார் எதற்காக வந்தனர்? கூலிக்கு ஆள் அழைக்கவும், தேர்தலில் வாக்குக் கேட்கவும் வந்தனர். கற்க வந்ததுண்டா? உதவி பெற வந்ததுண்டா? கொடுக்கும் இடத்தில் நம்மை வைத்து, பெறும் இடத்தில் அவர்கள் ஒருமுறை நிற்பார்களாயின், நூறாண்டுக் கணக்கு அங்கே ஒரு வரி திருத்தப்படும். அவ்வாய்ப்பை நாமே ஊராட்சி அலுவலகத்துக்குச் சுமந்து சென்று கொடுத்துவிடலாகாது.

வருவார்களா? இதுவே பெரிய வினா. வேலை வேண்டுவோர்க்கு விண்ணப்பத்தின் கடைசி நாள் எந்தச் சாதியாருக்கும் ஒன்றே. தேவை மெய்யானதாகவும், நம் உதவி தரமானதாகவும் இருக்குமாயின் ஒருவராவது வருவார். ஒருவரும் வராவிட்டால், அதுவும் ஓர் ஆய்வு முடிவே. அதனையும் மறைக்காது எழுதுங்கள்.

செயல்முறை விதிகள்

இனிக் குழுவினர்க்குச் சில விதிகள்.

முதலாவது, ஒரு திங்கள் முழுவதும் காணவும் கேட்கவும் மட்டுமே செய்க. தீர்வு கூறவேண்டா. காலை ஐந்து மணிக் கூட்டுச் சாலையையும், இரவு பத்து மணிப் பேருந்து நிறுத்தத்தையும் பாருங்கள். யார் யாரோடு நிற்கிறார், யார் தனியே நிற்கிறார், விளக்கு எங்கே இல்லை என்று குறிப்பேட்டில் எழுதுங்கள்.

இரண்டாவது, பெண்களிடம் தனியே கேளுங்கள், மாணவியரே கேட்கட்டும். நம் கூட்டங்களில் பெண்கள் தலையசைப்பதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்வது எளிது.

மூன்றாவது, எவரையும் சாதி கேளாதீர்கள். எவர் படத்தையும் அவர் ஒப்புதலின்றி எடுக்காதீர்கள். துன்பத்தைச் சொன்னவரின் பெயர் உங்கள் ஏட்டில் இருக்கவேண்டா. உங்கள் செயல்திட்டம் முடிந்தபின்னும் அவர் அதே ஊரில்தான் வாழவேண்டும்.

நான்காவது, சிறிதாகத் தொடங்குங்கள். ஒரு மேசை, நான்கு நாற்காலி, ஒரு கணிப்பொறி, வாரத்தில் இரு மாலை, இது போதும். நாற்காலிகள் அனைத்தும் ஒரே உயரமாக இருக்கட்டும். வருவோர் வரிசையெண் பெற்று அமரட்டும். இங்கு எவர்க்கும் முன்னுரிமை இல்லை, பின்னுரிமையும் இல்லை.

ஐந்தாவது விதி மாணவர்க்கன்று, கழகத்துப் பெரியோர்க்கு. இப்பணியால் எவரேனும் சினந்து வந்து வினவினால், விடைகூற முன்னிற்கவேண்டியவர் நாம். பிள்ளைகளைக் கேடயமாக நிறுத்தி நாம் பின்னின்று வாழ்த்துதல் தகாது. அவர்கள் படிப்பும் பாதுகாப்பும் எச்செயல்திட்டத்தினும் பெரியவை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1990 முதல் நமக்குத் துணையாக உள்ளது. அதனை அறிந்த மூத்தோர் ஒருவர் ஒவ்வொரு மாலையும் படிப்பகத்தில் இருத்தல் வேண்டும்.

எதனைக் கொண்டு அளப்பது?

வந்தோர் தொகையை எண்ணுவது எளிது. அதனோடு மூன்று சிறு செய்திகளையும் குறித்து வாருங்கள். முதலில், ஒருமுறை வந்தவர் மறுமுறை வந்தாரா? அடுத்து, படிப்பகத்தில் உள்ள நம் மூத்தவரை அவர் “வாங்க, போங்க” என்று விளித்தாரா, அன்றி அவர் தந்தை அழைத்த வழக்கப்படி ஒருமையில் விளித்தாரா? கடைசியாக, நம் பானையிலிருந்து நீர் வாங்கிக் குடித்தாரா? வெயிலில் நடந்து வந்தவர்க்குத் தாகம் இருக்கும். அவர் குடித்தாலும் எழுதுங்கள். கையில் கொணர்ந்த புட்டியைத் திறந்தாலும் எழுதுங்கள். கேட்கவேண்டா, வற்புறுத்தவேண்டா. ஆறு திங்கள் கழித்து அந்த ஏடு கூறும் உண்மை, எந்தப் பேரணியும் கூறாத உண்மையாக இருக்கும்.

நம்மவர்க்கு ஒரு சொல்

முடிக்குமுன் நம் உறுப்பினர்களிடமும் ஒன்று வேண்டுகிறோம். பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் நம் தெருக்களிலும் வாடகைக்குக் குடியிருக்கின்றனர். அவர்களைப் பெயர் கேளாது “வடக்கன்” என்று விளிக்கும் வழக்கம் நாடெங்கும் பரவி வருகிறது. அது நம் வாயில் குடிபுகலாகாது. பெயர் இருந்தும் பெயரால் அழைக்கப்படாத துன்பம் எத்தகையது என்று நமக்கு எவரும் கற்பிக்கவேண்டியதில்லை. குழாயடியில் அவர்கள் குடம் கடைசியில் வைக்கப்படுமாயின், அந்த வரிசையை வகுத்தவர் நாமாகிவிடுவோம். அவர்களுள்ளும் நம்மைப் போன்று ஒதுக்கப்பட்டு ஊர்விட்டு வந்தோர் பலர் இருப்பர். படிப்பக மேசையில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி உண்டு என்று மாணவர்கள் எழுதியிருப்பதைப் படித்தபோது, இக்கழகம் இருபத்தைந்து ஆண்டு நடந்த நடை வீண்போகவில்லை என்று உணர்ந்தோம்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் ஒரு படிப்பகத்தின் கதவைத் திறக்கிறீர்கள். செயல் சிறியது, ஆனால் அக்கதவு இதுவரை உட்புறமிருந்து வெளியே செல்வதற்கு மட்டுமே பயன்பட்டது. இனி வெளியிலிருந்து உள்ளே வருவோர்க்கும் அது வாயிலாகட்டும். வருவோரைத் தலைநிமிர்ந்து வரவேற்கும் தகுதி உங்கள் கல்வியால் உங்களுக்கு வந்திருக்கிறது. வருகிற திங்கட்கிழமை மாலை முதல் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கூட்டுச் சாலைக்குப் புறப்படுங்கள். முதல் மாதத்து ஏட்டைக் கழகச் செயற்குழுவின் அடுத்த கூட்டத்தில் நாம் அனைவரும் அமர்ந்து படிப்போம்.

வளர்க நம் கல்விப் பணி!